கயிறு ரயிலும் கத்தும் கதவும்

அவளை வீட்டில் எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் கண் திறக்கும்போதே அவளுக்கு வாயும் திறந்துவிடும். பல் துலக்கும்போதுகூட நுரையோடு பேசுவாள்.

“நிஜ ரேடியோவுக்காவது ஒரு பொத்தான் இருக்கு. திருகினா நின்னுடும்” என்று அண்ணன் பெருமூச்சு விடுவான்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. வாசலில் ‘விசாரணை’ என்று பலகை மாட்டிய கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பாள். எக்ஸ்ரே எங்கே எடுப்பார்கள், கண் டாக்டர் எப்போது வருவார் என்று நாள் முழுக்க யார் யாரோ கேட்பார்கள். எல்லோருக்கும் பதில் சொல்லிவிட்டு மாலையில் வீட்டுக்கு வந்தால், இங்கே ரேடியோ காத்துக்கொண்டிருப்பாள்.

இப்படி இருந்தபோதுதான் அவர்கள் தெருவைத் தோண்டினார்கள்.

குடிநீர்க் குழாய் பதிக்கிற வேலை. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பள்ளம். ஓரமாக ஆள் நடக்கலாம், அவ்வளவுதான். பள்ளி வேன் உள்ளே வர முடியவில்லை. பெரிய பிள்ளைகள் நடந்து போய்விடுவார்கள். சின்னப் பிள்ளைகளை யார் கூட்டிக்கொண்டு போவது? அம்மா, அப்பா எல்லோரும் வேலைக்கு ஓட வேண்டுமே.

அதற்கு வழி கண்டுபிடித்தவர் தையல்கடை அக்கா. நீளமான ஒரு கயிற்றில் இரண்டு பக்கமும் வண்ணத் துணியில் வளையங்கள் தைத்தார். ஒரு வளையத்தை ஒரு சின்னப் பிள்ளை பிடித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் துணைக்கு ஒரு பெரிய பிள்ளை. கயிறு ரயில் தயார்!

“யாரெல்லாம் கை கொடுக்கறீங்க? சம்பளம் கிடையாது. முன்கூட்டியே சொல்லிடறேன்” என்றார் அக்கா.

ரேடியோவின் கை முதலில் உயர்ந்தது.

ரயிலுக்கு ஓட்டுநர் வேண்டுமே? வேன் டிரைவர் மாமாவே வந்துவிட்டார். “வண்டிக்குத்தான் வழி இல்ல. எனக்கு வழி இருக்குல்ல?” என்று சொல்லி, கயிற்றின் முன்முனையை ஸ்டியரிங் மாதிரிப் பிடித்துக்கொண்டார். திருப்பத்தில் கையை நீட்டினார். வாயாலேயே “பாம்… பாம்…” என்று ஹாரன் அடித்தார். வழியில் படுத்திருந்த நாய்கூட எழுந்து ஒதுங்கி நின்றது. கடைசியில் தையல்கடை அக்கா நடந்தார்.

ரேடியோவின் பொறுப்பில் வந்தவன் பட்டாணி. ஐந்து வயது. உருண்டை முகம், உருண்டைக் கண். அவனுடைய அம்மா பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர். விடியும்போதே வேலைக்குப் போக வேண்டும்.

“வீட்டுல நல்லாத்தான் பேசுவான். வாசப்படி தாண்டினா வாய் திறக்க மாட்டான். கொஞ்சம் பார்த்துக்கம்மா” என்றார் பட்டாணியின் அம்மா.

“கவலையே படாதீங்க அத்தை! அவனுக்கும் சேர்த்து நானே பேசிடறேன்!” என்றாள் ரேடியோ.

சொன்னபடியே செய்தாள். வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரைக்கும் பேசினாள். கதை சொன்னாள். விடுகதை போட்டாள். பட்டாணி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுகூடப் பரவாயில்லை. தினமும் ஒரே இடத்தில் நின்றுவிடுவான்.

தெருமுனை தாண்டித் திரும்பினால் ஒரு பட்டறை. ஸ்கூட்டர், பைக் எல்லாம் பழுது பார்க்கிற இடம். அந்தத் திருப்பம் வந்ததும் பட்டாணியின் கால்கள் தரையில் ஒட்டிக்கொள்ளும். இழுத்தாலும் வர மாட்டான். கெஞ்சினாலும் வர மாட்டான். ஒரு பெட்டி நின்றால் மொத்த ரயிலும் நிற்க வேண்டியதுதானே?

“என்னப்பா, சிக்னல் விழலையா?” என்று முன்னாலிருந்து டிரைவர் மாமா கேட்பார்.

கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே நடக்கத் தொடங்குவான். ஏன் நின்றான், ஏன் நடந்தான், யாருக்கும் புரியவில்லை.

ஒருநாள் அவன் நிற்கவே இல்லை. அன்றைக்கு ரேடியோ யானை ஜோக் ஒன்று சொல்லியிருந்தாள். ‘ஆகா, யானைதான் மருந்து!’ என்று மறுநாளும் அதையே சொன்னாள். பட்டாணி நின்றுவிட்டான். இன்னும் சத்தமாகச் சொன்னாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். யானை வேலை செய்யவில்லை.

அந்த வாரம் ரயில் அடிக்கடி தாமதமாகப் போனது. பள்ளி வாசலில் மணி அடித்தபிறகு போய் நின்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? கண்ணாடிக்கடைக்காரர் தன் மகளைக் கொண்டுவந்து விடும்போது சொல்லிவிட்டார்.

“ஒரு பையனுக்காக எல்லாப் பிள்ளைங்களும் லேட்டாப் போறதா? இது நியாயமா, நீங்களே சொல்லுங்க.”

தையல்கடை அக்கா அன்று மாலை பட்டாணியின் அம்மாவிடம் தயங்கித் தயங்கிப் பேசினார்.

“தப்பா நினைக்காதீங்க. திங்கட்கிழமையிலிருந்து நீங்களே கூட்டிட்டுப் போக முடியுமான்னு பாருங்களேன்.”

பட்டாணியின் அம்மா முந்தானையால் கைகளைத் துடைத்தார். கையில் மாவு இல்லை. ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“பார்க்கறேங்க. காலையில நான் வரலைன்னா பேக்கரியில வேற ஆளைப் போட்டுடுவாங்க. சரி, என்ன பண்றது… உங்க கஷ்டம் எனக்கும் புரியுது.”

பக்கத்தில் நின்ற ரேடியோ குறுக்கே வந்தாள்.

“அக்கா! வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் கொடுங்க அக்கா! நான் அவனை நடக்க வைக்கிறேன்!”

“எப்படி?”

“இன்னும் நிறையப் பேசுவேன்!”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம்” என்றார்.

ஆனால் வியாழக்கிழமை பள்ளியில் விளையாட்டுப் போட்டி. ரேடியோவின் வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் கயிறு இழுக்கும் பந்தயம். மைதான ஓரத்தில் நின்று ரேடியோ கத்தினாள் பாருங்கள், காக்கைகள் எல்லாம் மரத்தை விட்டுப் பறந்தன. அவள் வகுப்பு ஜெயித்தது. அவள் தொண்டை தோற்றது.

வீட்டுக்கு வந்து “அம்மா” என்று கூப்பிட்டாள். காற்றுதான் வந்தது.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். “தொண்டை செக்கச்செவேல்னு இருக்கு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக்கூடாது” என்றார்.

“டாக்டர், அதை அடுத்த மாசம் வரைக்கும்னு மாத்தி எழுத முடியுமா?” என்று அண்ணன் கேட்டான். அம்மா அவன் தோளில் ஒன்று வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. ரேடியோ சீருடை போட்டுக்கொண்டாள். ஆனால் செருப்பை மாட்டாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் நிறைந்தது. வாயைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தாள்.

அம்மாவுக்குப் புரிந்தது. “பேச முடியாம நான் போய் என்ன பண்றதுன்னு கேக்கறியா?”

ரேடியோ தலையாட்டினாள்.

“அவன் நடக்கறப்ப பிடிச்சுக்கறதுக்கு ஒரு கை வேணும். கை நல்லாத்தானே இருக்கு? கிளம்பு, எனக்கும் பஸ் வந்துடும்.”

ரேடியோ கிளம்பினாள்.

அன்றைக்கு ரயில் நடந்தபோது அவளுக்கு எல்லாம் புதிதாக இருந்தது. பள்ளத்துக்குள் யாரோ மண்வெட்டியால் சரக் சரக் என்று மண் அள்ளினார்கள். சின்னச் சின்னச் செருப்புகள் தப் தப் என்று தரையில் அடித்தன. டிரைவர் மாமாவுக்கு மூச்சு வாங்கியது. இதெல்லாம் தினமும் இருந்ததா?

அப்புறம், மிக மெல்லிய ஒரு சத்தம். ‘ம்ம்… ம்ம்ம்…’

ரேடியோ குனிந்து பார்த்தாள். பட்டாணி! மூடிய வாய்க்குள்ளே ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டு வந்தான். தினமும் முனகியிருப்பானோ? நாம்தான் பேசிப் பேசி அதை மூழ்கடித்துவிட்டோமோ?

திருப்பம் வந்தது. பாட்டு நின்றது. கால்களும் நின்றன. அவள் கைக்குள் இருந்த குட்டிக் கை சில்லென்று ஆனது.

“இன்னிக்குமா?” என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள்.

எப்போதும் ரேடியோ இந்த இடத்தில் இன்னும் வேகமாகப் பேசுவாள். இன்றைக்குப் பேச முடியாது. அதனால் அவன் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பட்டாணியும் அவளைப் பார்த்தான். என்ன இது, இந்த அக்கா இன்றைக்கு வாயே திறக்கவில்லையே?

ரேடியோ தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

உருண்டைக் கண்கள் இன்னும் உருண்டையாயின. பட்டாணி அவள் காதருகே வந்தான். மூச்சுக்காற்று போல ஒரு குரல் கேட்டது.

“உனக்கும் பேச வரலையா?”

ரேடியோவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆமாம் என்று மெதுவாகத் தலையாட்டினாள்.

“அங்க… கதவு கத்தும்” என்றான் பட்டாணி.

அவன் சொல்லி முடிப்பதற்குள் பட்டறையின் இரும்புக் கதவை யாரோ மேலே தூக்கினார்கள்.

கடகடகட… க்ரீ…ச்!

ரேடியோவின் பற்களே கூசின. அவள் கைக்குள் இருந்த குட்டிக் கை துள்ளியது. கதவு மேலே போய் நின்றது. சத்தம் அடங்கியது. பட்டாணி ஒரு பெருமூச்சு விட்டான். அப்புறம் நடக்கத் தொடங்கிவிட்டான்.

ரேடியோவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கதவு மூடியிருந்தால், அது எப்போது கத்துமோ என்று பயந்து நிற்கிறான். கத்தி முடித்த பிறகு நடக்கிறான். அன்றைக்கு நிற்காமல் வந்தானே, அன்றைக்குப் பட்டறையை முன்பே திறந்துவிட்டிருந்தார்கள். யானைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை!

அவள் ஓடிப்போய் டிரைவர் மாமாவின் முன்னால் நின்றாள். இரண்டு கைகளையும் கீழிருந்து மேலே தூக்கிக் காட்டினாள். திரும்பவும் தூக்கினாள்.

“உடற்பயிற்சியா? நல்லது. ஸ்கூலுக்குப் போய் செய்யலாம் வா” என்றார் மாமா.

தையல்கடை அக்காவிடம் ஓடினாள். காதைப் பொத்திக்கொண்டு வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினாள்.

“பல்வலியா கண்ணு? பாவம்” என்றார் அக்கா.

ரேடியோவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அதற்குள் மணி அடிக்கிற நேரம் ஆகிவிட்டது. எல்லோரும் ஓடினார்கள்.

மாலையில் கயிறு ரயில் திரும்பி வந்தது. பட்டறை வாசலுக்கு வந்ததும் ரேடியோ நின்றாள். பட்டாணியின் கையைப் பிடித்தபடியே உள்ளே நுழைந்தாள். ரயிலும் என்ன ஏதென்று தெரியாமல் பின்னாலேயே போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

மெக்கானிக் ஒரு ஸ்கூட்டரின் அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன. ரேடியோ தரையைத் தட்டினாள். அவர் வெளியே வந்தார். மூக்கின் மேல் கரி.

ரேடியோ மேலே சுருண்டிருந்த இரும்புக் கதவைக் காட்டினாள். காதைப் பொத்தினாள்.

“என்ன பாப்பா? காதுவலின்னா டாக்டர் கிட்டல்ல போகணும்? நான் வண்டிக்குத்தான் வைத்தியம் பார்ப்பேன்.”

ரேடியோ பையைத் திறந்து பென்சிலை எடுத்தாள்.

“எழுதியெல்லாம் காட்டாதம்மா. கண்ணாடியை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன். எறும்பு ஊர்ற மாதிரிதான் தெரியும். வாயால சொல்லு.”

வாயால்தானே சொல்ல முடியவில்லை! ரேடியோ தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊரெல்லாம் கேட்கப் பேசுகிறவளுக்கு, வேண்டிய நேரத்தில் ஒரு சொல் இல்லை. கண் கலங்கியது.

பட்டாணி அவளைப் பார்த்தான். மெக்கானிக்கைப் பார்த்தான். திரும்பவும் அவளைப் பார்த்தான். அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தான்.

“அக்காவுக்குத் தொண்டை சரியில்ல” என்றான்.

வாசலில் நின்ற ரயில் அப்படியே உறைந்துவிட்டது. கண்ணாடிக்கடைக்காரரின் மகள் வாயைப் பிளந்தாள். டிரைவர் மாமா சந்தோஷத்தில் கைதட்டப் போனார். தையல்கடை அக்கா சட்டென்று அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். இப்போது கைதட்டினால் அந்தக் குரல் பயந்து மறுபடியும் உள்ளே போய்விடுமே!

“உங்க கதவு கத்துது. காலையில கத்துது. எனக்கு பயமா இருக்கு” என்றான் பட்டாணி.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். சொறிந்த இடத்திலும் கரி ஒட்டிக்கொண்டது. “கத்துதா? தினமும் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிப்போச்சு தம்பி. ரொம்பவா கத்துது?”

பட்டாணி மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டான்.

“க்ரீ…ச்!”

எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். மெக்கானிக்கும் பொத்திக்கொண்டார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

“அம்மாடி! இப்படித்தான் கத்துதா? அப்போ தப்பு என் பேர்லதான்.”

அவர் நீள மூக்கு வைத்த எண்ணெய்க் கேனை எடுத்து வந்தார். பட்டாணியைத் தூக்கிக்கொண்டார். “இந்தா, நீயே ஊத்து. இந்தக் கதவோட தொண்டைக்கு மருந்து.”

பட்டாணி கேனை அமுக்கினான். எண்ணெய் வழிந்தது. கதவை ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார்த்தார்கள். சத்தம் பாதியாகக் குறைந்தது. முழுவதும் போகவில்லை.

“பழைய கதவு. சுத்தமா வாயை மூடாது” என்றார் மெக்கானிக். “வேணும்னா ஒண்ணு செய்யறேன். நீங்க எல்லாரும் தாண்டிப் போனப்புறம் திறக்கறேன். சரியா?”

பட்டாணி யோசித்தான்.

“வேணாம். நான் சொல்றப்ப திறங்க.”

அன்று மாலை பட்டாணியின் அம்மாவுக்கு எல்லாக் கதையும் போய்ச் சேர்ந்தது. அவர் வாசலில் நின்றபடியே சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

“வீட்டுல ‘கதவு கத்துது, கதவு கத்துது’ன்னு சொல்லிட்டேதான் இருந்தான். எங்க வீட்டுக் கதவைச் சொல்றான்னு நினைச்சு, நான் அதுக்கு எண்ணெய் போட்டுட்டேன். அதுவும் ரெண்டு தடவை!”

திங்கட்கிழமை காலை. கயிறு ரயில் புறப்பட்டது. அன்றைக்குக் கண்ணாடிக்கடைக்காரரும் கூட வந்தார். மகள் வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னதிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லாமல், இரண்டு சின்னப் பிள்ளைகளின் பைகளைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

திருப்பம் வந்தது. பட்டறைக் கதவு மூடியிருந்தது. பட்டாணியின் கால்கள் நின்றன. யாரும் அவனை இழுக்கவில்லை. யாரும் முணுமுணுக்கவும் இல்லை.

மெக்கானிக் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி குனிந்து நின்றார். “என்ன தம்பி, திறக்கலாமா?”

பட்டாணி ஒரு காதைத் தன் கையால் பொத்தினான். இன்னொரு காதை ரேடியோ பொத்தினாள். அவன் கண்ணை மூடினான். அப்புறம் என்ன நினைத்தானோ, திறந்துகொண்டான்.

“திறங்க!”

கடகடகட… க்ரிச்.

கதவு மேலே போனது. பட்டாணி பார்த்துக்கொண்டே இருந்தான். கதவு மட்டும்தான். உள்ளே நாலைந்து ஸ்கூட்டர். வேறு ஒன்றுமில்லை.

“ரைட்!” என்று கத்தினான் பட்டாணி.

“பாம்… பாம்…!” என்று டிரைவர் மாமா ஹாரன் அடித்தார். ரயில் கிளம்பியது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பள்ளியில் இன்னும் மணி அடித்திருக்கவே இல்லை. காவலாளி அப்போதுதான் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

அன்று மாலை அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பாதத்தை மெல்லப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

“தொண்டை சரியாயிடுச்சா? சொல்லு, இன்னிக்கு என்ன நியூஸ்?”

ரேடியோவிடம் மூன்று நாள் செய்தி மூட்டை மூட்டையாக இருந்தது. வாயைத் திறந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். தேநீர் டம்ளரை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என் நியூஸ் அப்புறம். நீ சொல்லும்மா. இன்னிக்கு உனக்கு எப்படிப் போச்சு?”

அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். “எனக்கா? எனக்கு என்ன… தினமும் போற மாதிரிதான்.”

ரேடியோ ஒன்றும் சொல்லவில்லை. காத்திருந்தாள்.

அம்மா டம்ளரை ஒருமுறை சுற்றினாள். “இன்னிக்கு ஒரு பெரியவர் வந்தாரு. என் கண்ணாடி அறை முன்னாடி ரொம்ப நேரம் நின்னாரு. என்ன வேணுங்கன்னு கேட்டேன். ‘ஒண்ணும் வேணாம்மா. போன மாசம் என் பொண்ணைச் சேர்த்தப்ப நீங்கதான் வழி சொன்னீங்க. அவ நல்லாயிட்டா, அதைச் சொல்லத்தான் வந்தேன்’னாரு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல…”

“அப்புறம்?”

“அப்புறம்…” அம்மா கால்களை மேலே எடுத்து வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

பேச்சு நீண்டது. தேநீர் ஆறிப்போனது. உள்ளேயிருந்து அண்ணன் தலையை நீட்டி ஆச்சரியமாகப் பார்த்தான்.

“என்ன, ரேடியோ சத்தத்தையே காணோம்? இன்னும் தொண்டை சரியாகலையா?”

ரேடியோ திரும்பி, உதட்டில் விரலை வைத்தாள்.

“உஷ்! அம்மா பேசறாங்க.”